மண் சுமந்தவர்களின் மதுரை

மதுரையின் சரித்திரம் எது என்று கேட்டால் பள்ளிப் புத்தகம் ராஜாக்களின் பெயர்களை ஒப்பிக்கிறது. பாண்டியர் ஆண்டனர், 1311-ல் மாலிக்காபூர் படையோடு வந்தான், பிறகு சுல்தான்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள், 1801-ல் எல்லாம் கும்பெனியார் கைக்குப் போயிற்று. இத்தனை பேருக்கும் மதிலும் மாளிகையும் எழுப்பியவர்கள் யார்? அதற்கு ஒரு வரி கிடையாது.

மக்கள் மட்டும் அதை மறக்கவில்லை. வைகை கரை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறையறைவித்தானாம். ஆளில்லாத வந்திக் கிழவிக்காக, பிட்டையே கூலியாகப் பெற்று, மண் சுமக்க வந்தவர் சோமசுந்தரர். அவர் முதுகில் விழுந்த பிரம்படி பாண்டியன் முதுகிலும் விழுந்தது என்று கதை முடிகிறது. அடி திருப்பி விழுந்தது புராணத்தில்தான்! ஆனால் கட்டாய வேலையும் பிரம்பும் இந்த ஊருக்கு எவ்வளவு பழக்கமானவை என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

திருமலை நாயக்கர் மஹால் 1636-ல் எழுந்தது. அதற்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் குளக்கரையில் நின்று பாருங்கள். எத்தனை கூடை மண் என்பது புரியும். பேரன் சொக்கநாத நாயக்கன் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மாளிகையின் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்துப் போனான். கட்டியதும் கூலியாள், பெயர்த்ததும் கூலியாள்.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்தார். வெளி வீதிகள் பிறந்தது அப்போதுதான். அளந்த வெள்ளைக்காரர் பெயரில் மாரட் வீதி, வேலை வாங்கியவர் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு விளக்குத்தூண். கடப்பாரை பிடித்தவனுக்கு ஒரு சந்துகூட இல்லை.

1895-ல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. மேலூர்ச் சீமையில் இருபோகம் விளைந்தது. அணை வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலிகள் பலர். பென்னிகுயிக்கை நன்றியோடு நினைக்கிறோம். அந்தக் கூலிகளின் பெயரை யாரிடம் கேட்பது?

ஆகவேதான் கீழடி நமக்கு முக்கியமாகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், தென்னந்தோப்பின் அடியில், 2015 முதல் தோண்டினார்கள். கிடைத்தது ராஜாவின் கிரீடமல்ல. நூல் நூற்கும் தக்களிகள், நெசவுக்கான எலும்பு முனைகள், செங்கல் சுவர்கள், பெயர் கீறிய பானை ஓடுகள். சில அடுக்குகள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. பஞ்சாலைத் தோழர்களே, உங்கள் தொழிலுக்கு இந்த வைகைக் கரையில் அத்தனை வயது!

முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023-ல் தம் அறிக்கையைக் கொடுத்தார். 2025 மே மாதத்தில் மத்திய தொல்லியல் துறை அதைத் திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பியது. கால நிர்ணயத்தில் ஐயம் இருந்தால் எதிர் ஆதாரத்தை வெளியில் வைக்கட்டும், வாதிக்கட்டும். எழுதியவரையே மாற்றி எழுதச் சொல்வது ஆராய்ச்சியல்ல. அறிக்கை எழுதியபடியே அச்சாக வேண்டும்; தமிழில் மலிவு விலையில் மில் வாசலிலும் களத்துமேட்டிலும் கிடைக்க வேண்டும். இதுவே நமது கோரிக்கை.