14-வது எழுத்து எங்கே போனது? எபிரேய சங்கீதத்தில் ஒரு புதிர்!

தமிழ் வேதாகமத்தில் 145-வது சங்கீதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மொத்தம் 21 வசனங்கள். இறைவனைப் போற்றும் அழகான பாடல். குறை ஒன்றும் கண்ணில் படாது. ஆனால், அதே பாடலை எபிரேய மொழியில் வாசிப்பவர், நடுவில் ஒரு படி இல்லை என்பதைச் சட்டெனக் கண்டுபிடித்துவிடுவார்.

எபிரேயத்தில் 22 எழுத்துகள். இந்தப் பாடலின் முதல் வசனம் 'ஆலெஃப்' எழுத்திலும், இரண்டாவது 'பேத்' எழுத்திலும் தொடங்கும். நம் ஆத்திசூடி போல அகர வரிசைதான். 13-வது எழுத்தான 'மேம்' வரை ஒழுங்காக வரும் பாடல், 14-வது 'நூன்' எழுத்தைத் தாண்டி 'சாமெக்' எழுத்துக்குப் போய்விடுகிறது.

யூதர்கள் தினமும் மூன்று முறை ஓதும் பாடல் இது. வேதத்தில் ஒரு வரி தொலைந்துவிட்டதா? பக்தருக்கு இது சாதாரணக் கேள்வி இல்லையே!

குகையில் கிடைத்த வரி

1956-ல் சாக்கடல் அருகே கும்ரான் பகுதியின் 11-வது குகையில் பழைய தோல் சுருள்கள் கிடைத்தன. அதில் இருந்த சங்கீதச் சுருளில் 'நூன்' வரி இருந்தது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அது உண்டு. 'இதுதான் தொலைந்த வரி' என்கிறார்கள் சில அறிஞர்கள். 'ஓட்டையைப் பார்த்து யாரோ பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தது' என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை.

உயிரா, கழுத்தா?

மூலமொழியில் படித்தால் மட்டுமே பிடிபடும் இன்னொரு விஷயம், சொற்களின் ஆழம். 69-வது சங்கீதத்தில் வெள்ளத்தில் சிக்கிய ஒருவர், தண்ணீர் தன் 'நெஃபெஷ்' வரை வந்துவிட்டதாகக் கதறுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது 'ஆத்துமா'. ஆனால் நெஃபெஷ் என்றால் உயிர் மட்டுமல்ல. தொண்டை, கழுத்து என்றும் பொருள் உண்டு. 'உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது' என்று நாம் சொல்வோமே, அந்த நிலை முழுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இதற்காக மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. 18-ம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ், எபிரேய மூலத்தை வைத்துக்கொண்டே பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். இரண்டு பொருளையும் தாங்கும் ஒரு சொல் எல்லா மொழியிலும் கிடைத்துவிடாது.

தப்பிப் பிழைப்பது எது?

ஒரு கருத்தைச் சொல்லி, அடுத்த அடியில் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது எபிரேயக் கவிதையின் உயிர்நாடி. இதை விரிவாக விளக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் லோத். அவருடைய உரைகள் 1753-ல் நூலாக வந்தன. ஓசையும் எழுத்து வரிசையும் மொழிபெயர்ப்பில் கரைந்துபோனாலும், இந்த இரட்டை அடி மட்டும் எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வந்துவிடுகிறது.

கற்றுக்கொள்ள முதல் படி, வலமிருந்து இடமாக வாசிக்கப் பழகுவது. பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. ஒரு வேர் பிடிபட்டால் அதன் குடும்பமே பழக்கமாகிவிடும். உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் பிற்காலத்தில் மசோரெத்துகள் என்ற அறிஞர்கள் சேர்த்தவை. புதிதாகக் கற்பவருக்கு அவைதான் ஊன்றுகோல்.

சரி, 'நூன்' ஏன் இல்லை? தல்மூத் நூல் ஒரு காரணம் சொல்கிறது. இஸ்ரவேலின் வீழ்ச்சியைப் பாடும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் வரி 'விழுந்தாள்' என்று தொடங்குகிறது. எபிரேயத்தில் அதன் முதல் எழுத்து நூன். அந்தத் துயரம் வேண்டாம் என்றுதான் தாவீது அந்த எழுத்தையே விட்டுவிட்டாராம்.

அடுத்து வரும் 'சாமெக்' வசனம் எதைப் பற்றியது தெரியுமா? விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கும் இறைவனைப் பற்றியது.