எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா ஆழ்கடலில் ஏன் திணறுகிறது?

கடலில் எண்ணெய் கசிந்தால் ஓர் ஆறுதல் வார்த்தை தவறாமல் வரும்: “எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகள் கடலிலேயே இருக்கு, அது பார்த்துக்கும்.” பொய் இல்லைதான். ஆனால் கசிவு ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தால் அதை அப்படியே நம்ப முடியாது. காரணம், அழுத்தம்.

2010-ல் என்ன நடந்தது?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த பிபி நிறுவனத்தின் கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியது. வெளியேறியது 49 லட்சம் பீப்பாய் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு.

எல்லாமே மேலே மிதந்து வரவில்லை. ஒரு பகுதி நுண்துளிகளாகவும் கரைந்த வாயுவாகவும் சுமார் 1,100 மீட்டர் ஆழத்திலேயே மேகம் போலப் பரவியது. அதைப் படகு வைத்து அள்ள முடியாது. நுண்ணுயிரிகளை நம்புவதைத் தவிர பெரிதாக வேறு வழி இல்லை.

அழுத்தம் என்ன செய்யும்?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1,500 மீட்டரில் அது சுமார் 150 மடங்கு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 70 மடங்கு!

பாக்டீரியாவின் செல் சவ்வில் கொழுப்புதான் முக்கியம். மார்கழியில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகுமே, குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் சவ்வும் கிட்டத்தட்ட அப்படி இறுகும். உணவு உள்ளே போவதும் கழிவு வெளியேறுவதும் தடுமாறும். நொதிகளின் வேலையும் பாதிக்கப்படலாம்.

‘அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ்’ என்பது எண்ணெய் தின்பதில் ஸ்டார் பாக்டீரியா. கடலின் மேற்பரப்பில் எண்ணெய் கசிந்தால் மளமளவெனப் பெருகும். அதையே ஆய்வகத்தில் 100 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தபோது வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது.

அப்போ ஆழத்தில் எதுவுமே தின்னாதா?

தின்னும். மெக்சிகோ வளைகுடாவின் அடியில் எண்ணெய் இயற்கையாகவே கசியும் இடங்கள் பல உண்டு. அந்த உணவுக்குப் பழகிய உயிரிகள் முன்பே அங்கே இருந்தன. சுமார் 5 டிகிரி செல்சியஸ் குளிரிலும் ஓசியனோஸ்பிரில்லேல்ஸ் வகை பாக்டீரியாக்கள் பெருகியதையும், எண்ணெய் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைவதையும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வக விஞ்ஞானிகள் அதே ஆண்டு பதிவுசெய்தனர்.

ஆழத்துக்குப் பழகிய உயிரிகளின் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். தேங்காய் எண்ணெய் உறையும் குளிரிலும் நல்லெண்ணெய் உறையாதது போல, அந்தச் சவ்வு லேசில் இறுகாது.

ஆனால் கச்சா எண்ணெய் என்பது ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. எளிய சேர்மங்கள் முதலில் காலியாகும். பல வளையங்கள் கொண்ட, நச்சு மிகுந்த ஹைட்ரோகார்பன்கள் நீண்ட நாள் இழுக்கும். ஒரு பகுதி எண்ணெய் கடல் தரையிலும் போய்ப் படிந்தது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

எண்ணெய் எத்தனை நாளில் சிதையும் என்ற சோதனைகளில் பல, சாதாரண அழுத்தத்தில் குடுவைக்குள் நடப்பவை. ஆழத்து நீரை மேலே கொண்டுவரும்போதே அழுத்தம் போய்விடும். கரைந்திருந்த வாயுவும் குமிழியாக வெளியேறும். அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன்களில் சோதிக்கலாம். ஆனால் செலவும் உழைப்பும் அதிகம்.

இது விஞ்ஞானிகளின் தலைவலி மட்டும்தானே என்று விட்டுவிட முடியாது. 2010-ல் கிணற்றின் வாயிலேயே சுமார் 29 லட்சம் லிட்டர் ரசாயனம் செலுத்தப்பட்டது. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்தால் நுண்ணுயிரிகள் சீக்கிரம் தின்னும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது உதவியதா, கெடுத்ததா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

நமக்கு என்ன?

பிரேசில் 2,000 மீட்டர் ஆழக் கடலில் எண்ணெய் எடுக்கிறது. வங்கக் கடலில் கிருஷ்ணா-கோதாவரி படுகையின் ஆழ்கடல் பகுதியில் 2024 ஜனவரியில் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. மெக்சிகோ வளைகுடாவில் நடந்ததே எல்லாக் கடலிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

எனவே அடுத்த முறை “இயற்கையே சுத்தம் செய்துவிடும்” என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கணக்கு எந்த ஆழத்தில், எந்த அழுத்தத்தில் போட்டது?