சாலையைக் கைது செய்வோர்

எளாவூர் சோதனைச் சாவடியில் ஆந்திரத்திலிருந்து வரும் பேருந்துகள் நிறுத்தப்படுவதும், பயணி ஒருவரின் பையில் கஞ்சா அகப்படுவதும் அப்பகுதிக்குப் புதிய செய்திகள் அல்ல. கைதாகிறவர் பைக்குரியவர். அறிந்தே ஏற்றிவந்திருந்தால் ஓட்டுநரும் சிக்குவார். ஆனால் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் மீது எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. இந்த எளிய நியாயம், இணையம் என்று வந்ததும் கற்றறிந்த நண்பர்களுக்கும் மறந்துபோவதேன்?

டோர் என்னும் அநாமதேய வலையமைப்பைப் பற்றிச் சொல்கிறோம். இதில் ஒருவரது செய்தி, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று இடைநிலைக் கணினிகளை மறையாக்கத்துடன் கடந்து செல்கிறது. முதற்கணினி அனுப்புநரை அறியும், சேருமிடத்தை அறியாது. கடைசிக் கணினி சேருமிடத்தை அறியும், அனுப்புநரை அறியாது. பெறுகிற தளத்தில் பதிவாவதோ கடைசிக் கணினியின் முகவரி மட்டுமே. எனவே மிரட்டல், ஊடுருவல் முயற்சி, திருட்டுப் படம் என எப்புகாரும் அதை நடத்துபவரின் வாசலுக்கே வருகிறது.

மாஸ்கோவில் கணிதம் கற்பித்த திமித்ரி பொகாதவ் அத்தகைய கடைசிக் கணினியை நடத்தியவர். வன்முறைக்கு அழைத்த பதிவுகள் அவருடைய முகவரியிலிருந்து வந்தனவென்று 2017 ஏப்ரலில் கைதானார். சிறையிலும் வீட்டுக்காவலிலும் மாதங்கள் கழிந்தபின், 2018இல் வழக்கு கைவிடப்பட்டது. முகவரியை ஆளென்று கொண்டதற்கு ஓர் ஆசிரியர் கொடுத்த விலை இது.

“முகம் மறைப்பவனுக்கு வழிவிடுபவனும் குற்றவாளியே” என்கிறார்கள். நம் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. பிறர் தகவலைக் கடத்துவதோடு நிற்கும் இடையீட்டாளருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு நிபந்தனையுடன் பாதுகாப்புத் தருகிறது. அப்பிரிவின்படி ஒன்றை நீக்கும் கடமை நீதிமன்ற ஆணையாலோ அரசின் அறிவிக்கையாலோ மட்டுமே எழும் என்று 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயினும் 2022 ஏப்ரலில் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு காக்க வேண்டுமென்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பணித்தது. சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த வழங்கிகளையே அகற்றிக்கொண்டன. ஒரு பையில் கஞ்சா இருக்கக்கூடும் என்பதற்காகப் பயணிகள் அனைவரின் விவரத்தையும் ஐந்தாண்டு பூட்டிவைப்பது காவல் ஆகுமா?

நம் கண்டனம் மறுதரப்புக்கும் உண்டு. “நாங்கள் வெறும் சாலை” என்று கூறிப் புகாரைக் குப்பையில் இடும் டோர் ஆர்வலர்களை நாம் ஏற்கவில்லை. மிரட்டப்பட்ட பெண்ணுக்குச் சாலை உவமை ஆறுதலாகாது. வீட்டு இணைப்பில் கடைசிக் கணினியை நடத்தாதிருத்தல், வழங்கி நிறுவனத்திடம் முன்பே தெரிவித்தல், கணினியின் பெயரிலேயே அது டோர் என்று காட்டுதல், எரிதம் பெருகும் மின்னஞ்சல் வாயிலை அடைத்தல் ஆகியவை குறைந்தபட்ச ஒழுக்கம். புகார் வந்தால் ஒரு நாளுக்குள் மரியாதையுடன் விடையளிக்க வேண்டும். தம்மிடம் பதிவேடு ஏன் இல்லையென்று விளக்க வேண்டும். குறித்த நாளில் அம்முகவரி டோரில் இருந்ததை எவரும் சரிபார்க்கும் வசதி உண்டு என்பதையும், விரும்பும் தளம் டோர் முகவரிகளைத் தடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் குற்றவாளி தப்பிவிடுவானே என்பர். டோரில் மறைந்து ‘சில்க் ரோடு’ போதைச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் 2013இல் பிடிபட்டார். பழைய இணையப் பதிவொன்றில் அவரே விட்டுச்சென்ற மின்னஞ்சல் முகவரி அவரைக் காட்டிக்கொடுத்த தடயங்களுள் ஒன்று. துப்பறிதல் உழைப்பைக் கேட்கிறது; வாசலில் நிற்பவரைக் கைது செய்ய உழைப்பு வேண்டியதில்லை. ஆனால் புகார் கொடுத்த பெண் கேட்பது குற்றவாளியை, கைக்குக் கிடைத்தவரை அல்ல.