கோயிலில் யார் பாடுவது? பேராயருக்கு ஒரு திறந்த மடல்

புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டப் பேராயர் மேதகு பிரான்சிஸ் கலிஸ்ட் ஆண்டகை அவர்களுக்கு,

திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விசுவாசி எழுதுகிறேன். பங்குப் பேரவையில் பேசிப் பார்த்தாயிற்று, அன்பியக் கூட்டத்திலும் சொல்லிப் பார்த்தாயிற்று. இந்த விஷயம் ஒரு பங்கோடு நிற்பதில்லை என்பதால் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் இப்போது இரண்டு கட்சி. பழைய பாட்டுக் கட்சி, புதுப் பாட்டுக் கட்சி. கீபோர்டும் டிரம்சும் வந்த பிறகு பூசைக்கும் கல்யாண வரவேற்புக்கும் வித்தியாசமில்லை என்கிறார்கள் பெரியவர்கள். பழைய பாட்டை இழுத்து இழுத்துப் பாடினால் தூக்கம்தான் வருகிறது, இதனால்தான் பையன்கள் ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள் என்கிறார்கள் இளைஞர்கள். கூட்டம் எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் இதில் வந்துதான் முட்டிக்கொள்ளும். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. என் குறை வேறு. பழைய பாட்டோ புதுப் பாட்டோ, எங்கள் கோயில்களில் ஜனங்கள் பாடுவதே நின்றுகொண்டிருக்கிறது.

பெயர் வேண்டாம், அக்கம்பக்கத்துக் கோயில் ஒன்றில் ஞாயிறு காலைப் பூசை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பீடத்துக்கு இடப்பக்கம் மிக்சர், அதில் செருகிய பென் டிரைவ். வருகைப் பாட்டுக்கு யூடியூபிலிருந்து இறக்கிய டிராக்கைத் தட்டிவிடுகிறார்கள். வயலின், புல்லாங்குழல், பின்னால் கோரஸ் எல்லாம் சென்னை ஸ்டுடியோவில் ஏற்கெனவே வாசித்து வைத்தவை. அதன்மேல் நாலு பெண்பிள்ளைகள் நாலு மைக்கில் பாடுகிறார்கள். சாமியார் பீடத்தை முத்தி செய்து, திரும்பி, கைகூப்பி நிற்கிறார். டிராக் முடியவில்லை. இடையிசை ஓடிக்கொண்டிருக்கிறது, அவரும் நிற்கிறார். நன்மைப் பாட்டில் இதற்கு நேர்மாறு. பாதி வரிசை நிற்கும்போதே டிராக் தீர்ந்துவிடும். ஒரு பையன் ஓடிப்போய் முதலிலிருந்து தட்டிவிடுவான். பாட்டின் சுருதி பின்னணிப் பாடகியின் தொண்டைக்கு வைத்தது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவி பல்லவியில் வாயைத் திறக்கிறாள், அனுபல்லவி மேலே ஏறியதும் மூடிக்கொள்கிறாள். இரண்டாவது பாட்டுக்குத் திறப்பதே இல்லை. ஆண்கள் பக்கம் கேட்கவே வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதில் யாரையும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. டிராக் இலவசமாகக் கிடைக்கிறது. வாத்தியம் வாசிக்கத் தெரிந்த ஆள் ஊரில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வெளியூரில் வேலைக்குப் போய்விடுகிறான். ஆனால் திருச்சபையின் சொல் இதில் ஏற்கெனவே இருக்கிறது, ஆண்டகை. 1958-இல் 12-ஆம் பத்திநாதர் காலத்தில் வந்த திருவழிபாட்டு இசை அறிவுரை, கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவு நாடா போன்ற தானியங்கிக் கருவிகளை வழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. மனிதன் பாடி மனிதன் வாசிப்பதுதான் வழிபாடு என்பது அதன் உட்பொருள். 1967-இல் வந்த ‘மூசிக்காம் சாக்ராம்’ இன்னும் ஒரு படி போய், ஜனங்களை முற்றாக விலக்கிவிட்டுப் பாட்டு முழுவதையும் பாடகர் குழுவிடம் கொடுப்பது தகாது என்றது. 1963-இன் வத்திக்கான் சங்க ஏட்டில் மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் ஈடுபட்டும் பங்குகொள்வதுதான் முதல் அக்கறை. இவையெல்லாம் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. கிராமத்துக் கோயிலில் மிக்சர் வாங்க நன்கொடை திரட்டும் கமிட்டிக்குத்தான் யாரும் சொன்னதில்லை.

பழைய கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எது புனிதம், எது ஆபாசம் என்ற கணக்கு காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. 1903-இல் புனித 10-ஆம் பத்திநாதர் கோயிலுக்குள் பியானோவையும் முழவு, தாளம் போன்ற ஓசைக் கருவிகளையும் தடுத்தார். அந்தக் கணக்கில் இன்றைய கீபோர்டு மட்டுமல்ல, பெரியவர்கள் பக்தியோடு நினைத்துக்கொள்ளும் மிருதங்கமும்கூட வாசலில் நின்றிருக்க வேண்டும். நம் தாத்தாக்கள் காலத்தில் ‘தாந்தும் எர்கோ’வை லத்தீனில் பாடினார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஆனால் பாடினார்கள், இன்றும் சில முதியவர்களுக்கு அது முழுசாக வரும். அதுவும் ஒருகாலத்தில் கப்பலேறி வந்த புதுப் பாட்டுதான்.

தமிழ்க் கீர்த்தனைக்கும் இதே கதை உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சரபோஜி மன்னரோடு சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். 1820-களில் வந்த புதிய மிஷனரிமார் கோயிலில் தமிழ்ப் பாட்டையும் தமிழ் வாத்தியத்தையும் நிறுத்தப் பார்த்தபோது அவர் எழுந்து எதிர்த்தார். அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவர் எதிர்த்த நாலு கொடுமைகளின் பட்டியலில் பாட்டை நிறுத்தியது ஒன்று என்றால், எல்லாச் சாதியாரையும் சேர்ந்து உட்காரச் சொன்னது இன்னொன்று. ‘மரபைக் காப்பாற்று’ என்று யார் சொன்னாலும் இந்தப் பட்டியல் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. புதுவைக்காரர்கள் இதைத் தஞ்சாவூர் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சம்பா கோவிலில் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றியும், அவர்கள் முறையிட்டு அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் 1745 அக்டோபரிலேயே ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

சுவர் போனது, பறை உள்ளே வந்ததா? எங்கள் பக்கத்தில் பெரும்பாலான விசுவாசிகளின் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பறை தெரிந்த ஆள் ஒருவராவது இருந்தார். சாவுக்கு அடிக்கும் மேளம் என்று அதைக் கோயில் படியிலேயே நிறுத்தினோம். உள்ளே கீர்த்தனை மேல் என்று சொல்லிக் கொடுத்தோம், பிறகு கீபோர்டு மேல் என்று சொல்லிக் கொடுத்தோம். இரண்டும் வாங்க வேண்டியவை, கற்க வேண்டியவை; கையில் இருந்தது மட்டும் கேவலம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்கள் ‘பரட்டை அண்ணன்’ என்று கூப்பிட்டவர், இதைத்தான் உடைத்தார். கர்நாடக இசையில் மேல்சாதி மதிப்பும் மேற்கத்திய மெல்லிசையில் பணத்தின் மதிப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஏழை விவசாயக் கூலி ஒரு காசு செலவில்லாமல் பாடி, மாற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடியது நாட்டுப்புறப் பாட்டு என்பது அவர் வாதம். முழு ஆராதனையையே கிராமிய இசையில் அமைத்துக் காட்டினார். அவர் சீர்திருத்தச் சபைக்காரர், நாம் கத்தோலிக்கர் என்பது ஒரு காரணமாக முடியாது. ஜெபத்தோட்டம் போன்ற வேற்றுச் சபைப் பாட்டை நம் கோயிலில் பாடும்போது யாரும் சபை கேட்பதில்லை.

நமக்குச் சொந்தத்திலேயே முன்னோடிகள் உண்டு. நம் மறைமாவட்டத்துக் குருவான அமலோற்பவதாஸ் அடிகள் 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். குத்துவிளக்கும் ஆரத்தியும் தரையில் அமர்வதும் பூசைக்குள் வர 1969-இல் உரோமை கொடுத்த இசைவுக்குப் பின்னால் அவருடைய உழைப்பும், பெங்களூரில் பேராயராக இருந்து பின்னர் கர்தினாலான அவருடைய அண்ணன் லூர்துசாமி ஆண்டகையின் உழைப்பும் இருந்தன. விளக்கு வந்தது, சால்வை வந்தது. அந்த வரிசையில் கிராமத்து ஜனங்களின் தொண்டையும் கையும் வந்து சேர வேண்டியது இன்னும் பாக்கி.

அந்தத் தொண்டை செத்துப்போய்விடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வந்து பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் செபமாலை முடியும். ஆண்கள் வெளியே பந்தலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பிப்பார்கள். மாதா வியாகுலப் பாட்டு, உத்தரிக்கிற ஆத்துமாக்கள் பாட்டு, மகனைப் பறிகொடுத்த தாயின் புலம்பல். இதில் அந்தத் தாய் சில சமயம் மரியாள், சில சமயம் அந்த வீட்டுக்காரி. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவள் நிறுத்திக்கொள்வாள், பாட்டு நிற்காது. புத்தகம் கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெஞ்சில் வாயை மூடிக்கொண்ட அதே கிழவிதான் இங்கே முன்பாட்டுக்காரி. மறுநாள் அதே பிணத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் அங்கே டிராக் ஓடுகிறது.

இளைஞர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பழைய பாட்டுகளில் சில, வடமொழி அடைத்து யாரும் பேசாத தமிழில் இருக்கின்றன. பாடுகிறவருக்கே விளங்காத சொல்லை மரபு என்று சொல்லிப் பிள்ளைகள் தலையில் கட்ட முடியாது. கீபோர்டு பழகும் பையனுக்கு வாசிக்க ஓர் இடம் வேண்டும், கோயில்தான் அவனுக்குக் கிடைத்த ஒரே மேடை. அவனை விரட்டக் கூடாது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கிழவியின் சுருதியைக் கண்டுபிடித்து வாசிக்கச் சொல்ல வேண்டும். ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தான் அவனுக்குத் தெரியும், இரண்டு கட்டை இறக்க ஒரு நொடி போதும். பாதிச் சண்டை அங்கேயே தீரும் என்பது என் எண்ணம். மைக்கும் நாலு எதற்கு? முன்பாட்டுக்கு ஒன்று போதும். பதில்பாட்டு ஜனங்களுடையது.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பூசைக்குள் டிராக் கூடாது என்று எல்லாப் பங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை. மிஷன் வீதியிலிருக்கும் நம் அச்சகம் 1850-களில் தேம்பாவணியை அச்சேற்றிய அச்சகம். பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுக் கிராமங்களின் மாதா பாட்டுகளையும் வியாகுலப் பாட்டுகளையும், பாடிக் கொடுத்த பெண்களின் பெயரோடு, ஒரு சிறு புத்தகமாகப் போட அதனால் முடியும். எழுதத் தெரியாதவர்களிடம் உட்கார்ந்து எழுதியெடுக்கக் குருமடத்து மாணவர்களை விடுமுறையில் அனுப்பலாம். ஊர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தர அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது, பாட்டுக்கு அப்படி யாரும் வரப் போவதில்லை.

1877-இல் பிரான்சிலிருந்து லூர்து மாதா சுரூபம் வந்திறங்கிய வில்லியனூரில், உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை கொடியேறும். ஒவ்வொரு வருஷமும் சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கே கூடுகிறது. நவநாளில் ஒரு மாலைப் பூசையைக் கிராமங்களுக்குக் கொடுங்கள். பறை அடிக்கப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள், முன்பாட்டுக்குப் பாட்டிமார்கள் இருக்கிறார்கள், கீபோர்டுக்காரனும் வருகிறேன் என்கிறான். எந்த நாள் என்று மட்டும் தவக்காலம் தொடங்குமுன் தெரியப்படுத்தினால், பாட்டு வரிசையைப் பங்குத்தந்தை வழியாக அனுப்பி வைக்கிறோம்.

தங்கள் ஆசீரை நாடும்,
ஒரு விசுவாசி
திருக்கனூர்