மேல்தளத்து அறை எதற்கு?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அது முதல் நம்மவர்களுக்கும் கடல் பிரயாண ஆசை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் காசு இருக்கிறதே என்று உச்சித் தளத்தில், அதுவும் முன்கோடியில் அறை கேட்கிறார்களே, அது சுத்த அசட்டுத்தனம்!

கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தின் நடுப்பகுதி லேசாகத்தான் அசையும். நுனிதான் வானத்துக்கும் பூமிக்கும் போய்வரும். கப்பலும் அப்படியே. குமட்டல் வரும் உடம்புக்குக் கீழ்த்தளத்தில், நடுவிலுள்ள அறையே சொர்க்கம். பெரும்பாலும் கட்டணமும் குறைவு.

“பெரிய கப்பல் ஆடாது” என்பார்கள். அடியில் இருபுறமும் உள்ள இறகுகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் எழுந்து விழுவதை அடக்காது.

அறைக்குள் இருந்தால், “எதுவும் அசையவில்லை” என்கிறது கண். “ஆடுகிறது” என்கிறது காதின் உட்பகுதி. இந்தச் சண்டையில் அகப்படுவது வயிறு! செல்போனை மூடிவிட்டு வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

வாந்தி வந்தபின் மாத்திரை விழுங்குவது வீண். டாக்டரைக் கேட்டு, ஆட்டம் தொடங்குமுன்பே சாப்பிட வேண்டும். தூக்கம் வரும், மதுவைத் தொடக்கூடாது. வெறும் வயிறும் ஆகாது, கொடுத்த காசுக்கு விருந்தை வெளுத்துக் கட்டுவதும் ஆகாது. இஞ்சி சிலருக்குக் கேட்கிறது.

இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும் என்பது மெய்தான். நம் பயணமோ பல சமயம் அதற்குள் முடிந்துவிடுகிறது! வெட்கப்பட்டு அறையில் முடங்க வேண்டாம். ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனே கடலில் குமட்டலால் அவதிப்பட்டவர்தான். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லையா? கப்பல் டாக்டரிடம் போங்கள்.