சிவப்பழகு டப்பாவிற்குள் பாதரசம்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிகள் பழுதடைந்து வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு ‘நெல்-1’ என்னும் புரதத்தோடு தொடர்புடைய அரிய வகைப் பாதிப்பு இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள். ஒருவருக்கு மூளைச் சிரையில் இரத்தம் உறைந்தது. கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும். அந்நொதி இயங்கத் தாமிரம் வேண்டும். பாதரசம் தாமிரத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டு நொதியை முடக்குகிறது. அதாவது, கிரீம் உண்மையிலேயே வேலை செய்கிறது. வெறும் ஏமாற்றாக இருந்திருந்தால் இழப்பு பணத்தோடு போயிருக்கும். பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்புகிறது. எனவே அடுத்த டப்பா வாங்கப்படுகிறது. தோல்வழிப் புகுந்த பாதரசமோ சிறுநீரகத்தில் சேர்ந்துகொண்டே போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, தற்செயலாகக் கலக்கும் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. கண்ணைச் சுற்றிப் பூசுவனவற்றிற்கு மட்டும் 70 பங்கு வரை விலக்கு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையையும் இந்தியா 2018இல் ஏற்றது. ஆனால் தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் விவரமோ இல்லாத டப்பாவை எந்த விதி தேடிப் பிடிக்கும்? கேரள அரசு 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதிக்க இறங்கியது. பிற மாநிலங்களின் மருந்து ஆய்வாளர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் அதையே.

1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை நீக்கிக்கொண்டது. அதில் பாதரசம் உண்டென்று நாம் கூறவில்லை. கறுப்பு ஒரு குறை என்னும் எண்ணத்தை அரை நூற்றாண்டு காலம் அது விற்றது என்கிறோம். அவ்வெண்ணமும் நிறுவனங்கள் கண்டுபிடித்ததன்று. கறுத்த பார்ப்பனரையும் வெளுத்த தலித்தையும் ஐயுறச் சொல்லும் பழமொழி நம் மொழியிலேயே இருக்கிறது. நிறம் இங்கே சாதியின் அடையாள அட்டையாகப் படிக்கப்படுகிறது. வீடு வாடகைக்குக் கேட்கப்போகும் மாணவியும், வரவேற்பறை வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் இளைஞரும் இதை அறிவர். அவர்களிடம் ‘அழகில் மயங்காதே’ என்று அறிவுரை கூறுவது எளிது. அவர்கள் வாங்குவது அழகையன்று, சந்தேகப் பார்வையிலிருந்து ஒரு சிறு விடுப்பை. மருத்துவர் முன் அமரும்போது, பூசிய கிரீமின் பெயரைத் தயங்காமல் சொல்லும்படி அவர்களை ஊக்குவிப்போம். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லட்டும்.