கிட்டின் உள்கட்டளைகளுக்கு விளக்கம் எழுத வாருங்கள்



ஆட், கமிட், புஷ், புல். இந்த நான்கு கட்டளைகளை வைத்தே நிரல் எழுதும் நம்மில் பலர், அதன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டோடு குடும்பம் நடத்துகிறோம். சிக்கல் வந்தால் கோப்புறையையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறோம். தொலைந்துவிட்டதாக நினைத்த வேலை பல சமயம் அந்தக் கோப்புறைக்குள்தான் கிடக்கிறது.

ஒரு கோப்பைத் திருத்தி ஆட் செய்தாயிற்று. கமிட் செய்யும் முன் அவசரத்தில் ‘ரீசெட் --ஹார்ட்’ கொடுத்துவிட்டோம். திருத்தம் போய்விட்டது. கமிட்களின் தடம் காட்டும் ரெஃப்லாகில் தேடினாலும் கிடைக்காது, கமிட்டே ஆகவில்லையே! ஆனால் ஆட் செய்தபோதே கிட் அந்த உள்ளடக்கத்தைத் தன் கிடங்கில் பிளாபாக எழுதி வைத்துவிட்டது. ‘எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ அதைத் தேடி எடுக்கும். ‘கேட்-ஃபைல் -பி’ திறந்து காட்டும். கோப்பின் பெயர் திரும்ப வராது, எழுதியது வரும். இப்படி எதிலும் சேராமல் கிடப்பவற்றை கிட்டின் துப்புரவு வேலை வழக்கமாக இரண்டு வாரம் விட்டுவைக்கும். அதற்குள் இந்த இரண்டு கட்டளைகள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தகைய உள்கட்டளைகள் பின்னால் ஒட்டவைத்த நுணுக்கங்கள் அல்ல. லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் முடிவுக்கு வந்ததும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று பதிவான முதல் கமிட்டிலேயே கேட்-ஃபைல், ரீட்-ட்ரீ, ரைட்-ட்ரீ, கமிட்-ட்ரீ இருந்தன. நாம் தினமும் அடிக்கும் ‘கமிட்’ அதில் இல்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: வெளியே தெரியும் கட்டளைகளைவிட, பிளம்பிங் எனப்படும் இந்த அடித்தளக் கட்டளைகளின் உள்ளீடும் வெளியீடும்தான் அதிகம் மாறாமல் இருக்கும் என்று கிட்டின் கையேடே சொல்கிறது. ஸ்கிரிப்ட் எழுதுபவர் நம்ப வேண்டியது இவற்றைத்தான்.

இவற்றுக்குக் கையேட்டுப் பக்கங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ரைட்-ட்ரீயின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில வரி விளக்கம், இரண்டு விருப்பங்கள், முடிந்தது. இதை எப்போது ஓட்டுவது, திரையில் என்ன வரும், வந்த ஹேஷை அடுத்து எந்தக் கட்டளைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே அந்தப் பக்கம் பயன்படும்.

‘சப்மாட்யூல்--ஹெல்பர்’ போல நடுவில் இரட்டைக் கோடு வரும் பெயர்களின் கதை வேறு. அவற்றில் பலவற்றுக்குப் பக்கமே கிடையாது. எழுதிவிட்டால் மக்கள் நேரடியாகப் பயன்படுத்தத் தொடங்குவார்கள், பிறகு மாற்ற முடியாது என்பது நிரலாளர் தரப்பு நியாயம். அதை மறுக்கவில்லை. ஆனாலும் பிழை தேடுபவர் அந்தப் பெயரை ட்ரேஸில் பார்க்கத்தான் செய்கிறார். ‘இது உள்வேலைக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் மாறும், ஸ்கிரிப்ட்டில் சேர்க்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு நாலு வரி எழுதலாம். ‘எஃப்எஸ்மானிட்டர்--டீமன்’ கட்டளைக்குப் பக்கம் இருக்கிறது. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு வெற்றுக் களஞ்சியத்தைத் தொடங்கி, ஒரே ஒரு உள்கட்டளையை எடுத்து, ஓட்டிப் பாருங்கள். எங்கே குழம்பினீர்கள், எது தெளிவித்தது என்று எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், நம் மாணவர்களுக்கு அதுவே முதலில் கைகொடுக்கும். பிறகு ஓர் உதாரணத்தையாவது மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். அங்கே டாக்குமென்டேஷன் கோப்புறையில் எல்லாப் பக்கங்களும் அஸ்கிடாக் வடிவில் இருக்கின்றன. பேட்ச் அனுப்பும் முறைக்கும், முதல் பங்களிப்புக்கும் தனித்தனி வழிகாட்டிகள் அதே இடத்தில் உண்டு. ‘சைண்டு-ஆஃப்-பை’ வரியை மறக்க வேண்டாம். அது இல்லாமல் ஏற்கமாட்டார்கள். திருத்தச் சொல்லிப் பதில் வந்தால் மனம் தளர வேண்டாம், பழைய கைகளுக்கும் அப்படித்தான் வருகிறது.

ஆசிரியர்களே, செய்முறைத் தேர்வுக்கு இன்னொரு கால்குலேட்டர் நிரலைக் கொடுப்பதற்குப் பதில், ஒரு குழுவுக்கு ஓர் உள்கட்டளை என்று இந்தப் பருவத்திலேயே பிரித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டைப் பயன்படுத்தும், கற்பிக்கும் நண்பர்கள்